ஊட்டி வண்ணமீன் கடையில் வாங்கிய கோமாளி மீன்கள்

ஊட்டிக் குளிரில் கடல்மீன் வளர்க்க முடியாது என்றே பலரும் சொல்கிறார்கள். இங்குள்ள ஒரு வண்ணமீன் கடையில் சென்ற ஆண்டு வாங்கிய இரண்டு கோமாளி மீன்களும் என் தொட்டியில் நலமாக இருக்கின்றன. ஆகவே அக்கடையின் நிறையையும் குறையையும் எழுதுகிறேன்.

அங்கு விற்கப்படுபவை பவளப்பாறையில் பிடிக்கப்பட்டவை அல்ல, பண்ணையில் பொரித்த குஞ்சுகள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கும் முறையை வகுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட பிறகு, கடலில் பிடித்து விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கடைக்காரர் ஒரே அளவான இரண்டைத் தராமல், ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது, அது இறந்தால் அதன் இணையான ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்தைப் பிடிக்கிறது. அளவு வேறுபட்டால் யார் பெரியவர் என்ற சண்டை குறையும். முட்டைகளை ஒரு வார காலம் துடுப்பால் விசிறிக் காப்பதும் பெரும்பாலும் ஆண்தான் என்று அவர் விளக்கியபோது, வியாபாரத்தைவிட மீனின் மீது அவருக்கு அக்கறை இருப்பது தெரிந்தது.

அப்படிப்பட்டவர், பார்க்கப் பூவைப் போலிருக்கும் கடல் விலங்கான கடல் சாமந்தியையும் சேர்த்து வாங்கச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடலில் இம்மீனுக்கு அதுவே வீடு. அதன் கொட்டும் இழைகளிடமிருந்து மீனைக் காப்பது உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான சளிப் படலம். ஆனால் எதிரிகள் இல்லாத தொட்டியில், பண்ணையில் பிறந்த மீன் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும். சாமந்திக்கோ வலுவான வெளிச்சமும் பல மாதங்கள் பழகிய நீரும் வேண்டும். புதிய தொட்டியில் விட்டால் பெரும்பாலும் அழுகிப்போகும், அழுகும்போது நீரையும் கெடுக்கும். பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தால் அங்கு வாழ்ந்த மீன்களுக்கும் புகலிடம் போய்விடும். நான் வாங்க மறுத்துவிட்டேன்.

மலைக்குரிய ஒரு செய்தியையும் கடையில் சொல்லவில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு என்பதால், நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. நீரின் மேற்பரப்பைக் கலக்கும் பம்பு இல்லாமல் சமாளிக்க முடியாது. ஹீட்டரை மட்டும் சரியாகப் பரிந்துரைத்தார்கள். சமவெளியில் நீரைக் குளிர்விக்கப் பாடுபடுகிறார்கள், இங்கோ 26 டிகிரியில் நிறுத்தவே இரவு முழுவதும் ஹீட்டர் ஓடுகிறது. பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களுக்காகத் தொட்டியைச் சுற்றத் தடித்த கம்பளி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

மீன் வாங்க அக்கடைக்குத் தயங்காமல் போகலாம். சாமந்தித் தொட்டியின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.