ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டுவதா, ஆய்வு மாணவரைப் பட்டறைக்கு அழைப்பதா?

ஆத்தங்குடிப் பக்கம் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. மூன்று மழைக்காலமாக ஒரே புகார்: பதித்துச் சில வாரத்தில் சிவப்புப் பூவின் மேல் அரிசி மாவு தூவியதுபோல வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நாமாகச் செய்து பார்த்த வைத்தியம் எதற்கும் அது அடங்கவில்லை. அப்போதுதான் படித்தவர்களிடம் போவது என்று முடிவெடுத்தோம்.

காரைக்குடி வட்டாரத்துக்கு ஆராய்ச்சி புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் அது திறந்தது. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் தயங்குவது, உள்ளே போய் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாததால்தான். ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டுவது, ஆய்வு மாணவரை அழைப்பது என்று இரண்டு வழியிலும் போய் வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இறுதியாண்டு மாணவர் புராஜெக்ட் என்று மூன்றாவது வழியும் உண்டு. ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். மழையில் வருகிற கோளாறைக் கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

முதலில் வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆலோசனைத் திட்டமாகக் கொடுத்தோம். அதன் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: கட்டணம் முன்கூட்டியே தெரியும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சொன்ன தேதிக்கு அறிக்கை. விஷயமும் வெளியே போகாது. அறிக்கையில் தப்பில்லை. மணலில் கரையும் உப்பு அதிகம், கழுவிப் போடுங்கள் என்றார்கள். கழுவினோம், நின்றது. ஆறு மாதம் கழித்து மணல் வரும் இடம் மாறியது, திரும்பப் பூத்தது. மறுபடி போனால் புது மாதிரி, புதுக் கட்டணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கேட்டது ஒரு லாரி மணலைப் பற்றி, பதிலும் அந்த லாரிக்குத்தான் வந்தது.

எனக்கு எல்லாமே இந்த இடத்தில்தான் முடிவானது. மணல், சிமெண்ட், தண்ணீர் மூன்றும் எங்கள் கையில் இல்லை. இன்று கிடைத்த தீர்வு மணல் மாறிய பிறகும் நிற்குமா, நிற்காவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள யாருக்குத் தெரியும்? கட்டணத்தைவிட இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் ஒரு பல்கலைக்கழகத் துறையோடு கூட்டாய்வு ஒப்பந்தம் போட்டோம். முனைவர் பட்டம் படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். முதல் ஒரு மாதம் அவர் எதையும் அளக்கவில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் கலர் ஊற்றி, அச்சைத் தூக்கி, காய்ந்த கலவை தூவி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் அடைக்கிறவரை, எங்கள் மூத்த வேலைக்கார அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டியில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "அண்ணே, இது ரெண்டு வியாதி." ஒன்று மணலும் தண்ணீரும் கொண்டுவரும் உப்பு. இன்னொன்று சிமெண்டு தானே வெளியே விடும் சுண்ணாம்பு. அது ஈரத்தோடு மேலே ஏறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கல் மெதுவாகக் காய்வதால் அதிகம் தெரிகிறது. இரண்டாவதற்கு, பின்பக்கக் கலவையில் மட்டும் சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நிலக்கரிச் சாம்பல் சேர்த்தோம். முன்பக்கத்தில் சேர்த்தால் கலர் மங்கிவிடும். முதலாவதற்கு அவர் காட்டிக்கொடுத்தது இது: ஒரு டம்ளர் வாலைவடிநீரில் ஒரு பிடி மணலைக் கலக்கித் தெளியவிட்டு, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கி எண்ணைப் பார்ப்பது. லாரிக்கு லாரி அந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவோம். உப்பு முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இந்த வழியின் சிரமங்களும் உண்மைதான். பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, ஆறு வரைகூடப் போகலாம். ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறி எல்லாரும் படிக்கக் கிடைக்கும். காப்புரிமை எடுக்கிற விஷயமாக இருந்தால் கட்டுரை வெளியாகும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் பங்கை எழுதாமல் இருவர் பெயரில் காப்புரிமை வாங்கினால், சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி சம பங்கு. அவரவர் சொந்தமாகப் பயன்படுத்தலாம், ஆனால் மூன்றாவது ஆளுக்கு உரிமம் கொடுக்க மற்றவர் சம்மதம் வேண்டும். எங்களுடையது காப்புரிமை வரை போகவில்லை. அதனால் இதில் என் அனுபவம் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டதோடு சரி. மருந்து, பேட்டரி மாதிரி ரகசியமே முதலீடாக இருக்கும் தொழில் என்றால் ஆலோசனைத் திட்டம்தான் பாதுகாப்பு. ஒரே ஒரு சோதனைச் சான்றிதழ் போதும் என்றாலும் அதுவே சரி.

தம்பி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். போன கார்த்திகையில் நான் மதுரையில் இருந்த நாளில் ஒரு லோடு மணல் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தேன். சுவரில் வழக்கத்தைவிடப் பெரிய எண், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வேலைக்கார அண்ணன் என்னைக் கேட்காமலே லாரியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.