"சீல்டு பேட்டரி, வாயுவே வராது" என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்

இரண்டு ஏ.ஜி.எம் பேட்டரிகளின் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த சீல்டு ரகம்) முழு விலை, அதற்கு மேல் பொருத்துக் கூலி. எல்லாம் போச்சு. விற்றது கேரவன் வண்டிகளுக்கு மின்வேலை செய்து தரும் ஒரு கடை. பெயரை விடுங்கள், இந்த ரகக் கடை எங்கும் இருக்கிறது.

படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைக்கிறோமே, வாயு வெளியே வராதா என்று வாங்கும்போதே கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். பேட்டரியை விரலால் தட்டி, "இது சீல்டு சார், தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கலாம்" என்றார். பழைய பேட்டரிக்காகப் பெட்டியிலிருந்து வெளியே போன குழாயைப் பிடுங்கி, ஓட்டையை ஃபோம் வைத்து அடைத்தும் கொடுத்தார். தூசி வராதாம்! என்ன அக்கறை என்று நன்றி வேறு சொன்னேன். பழைய சார்ஜர் ஒத்துவருமா என்றதற்கு, "தாராளமா".

நடுராத்திரியில் அழுகிய முட்டை நாற்றம். பெட்டியைத் திறந்தால் இரண்டும் பக்கவாட்டில் உப்பி, கை வைக்க முடியாத சூடு. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷவாயு. அதன் மேல்தான் படுத்திருந்தோம்.

சீல்டு என்றால் முழுக்க அடைத்தது அல்ல. சார்ஜ் நிறையும் நேரத்தில் உள்ளே நீர் பிரிந்து வாயுவாகும். ஆக்ஸிஜன் கண்ணாடி இழைப் பாய் வழியாக எதிர்மின் தகட்டுக்குப் போய் மறுபடி நீராகிவிடும். இது நிதானமாக நடக்கும் வேலை. வோல்டேஜ் கூடினால் வாயு அதைவிட வேகமாகச் சேரும், அழுத்தம் ஏறும், வால்வு திறந்து ஹைட்ரஜனை வெளியே விடும். அதற்காகவே வைத்த வால்வு அது. போன நீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். என் சார்ஜரோ, தண்ணீர் ஊற்றும் ரக பேட்டரிக்கானது. அவ்வப்போது தானாகவே 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். பொருத்தியவருக்கு இது தெரியாதா?

ஃபோன் செய்தால் முதலில் "படம் அனுப்புங்க". அப்புறம் "டெக்னீஷியன் லீவு". அப்புறம் "கம்பெனிதான் முடிவு செய்யணும்". கடைசியில், "ஓவர்சார்ஜ் பண்ணியிருக்கீங்க, வாரன்ட்டி கிடையாது". சார்ஜரை இணைத்ததே அவர்கள் ஆள்! சீல்டு பேட்டரியில் நாற்றமே வராது என்று வாதம் வேறு. இரண்டு பேட்டரிகளின் முழு விலை, பொருத்துக் கூலியோடு. ஒரு பைசா திரும்பவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்குப் பொறுமை இல்லை. சார்ஜரில் ஏ.ஜி.எம்முக்கு, ஜெல்லுக்கு (அமிலத்தைக் கூழாக்கிய இன்னொரு சீல்டு ரகம்) தனி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் ஏ.ஜி.எம்முக்குப் பொதுவாக 14.4 முதல் 14.7 வோல்ட், நிறைந்த பின் 13.5 முதல் 13.8, ஜெல்லுக்கு இன்னும் குறைவு. உங்கள் பேட்டரியின் தாளில் உள்ளதே கணக்கு. வெயிலில் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், வெப்ப சென்சார் இருந்தால் நல்லது. பெட்டியின் காற்றுவழியை யார் சொன்னாலும் அடைக்க விடாதீர்கள். நாற்றம் வந்தால் எல்லாரும் வெளியே, தீக்குச்சியோ உள்ளே உள்ள சுவிட்சோ தொடாமல். வெளி மின்இணைப்பை வெளியிலிருந்தே துண்டியுங்கள்.