ஆவாரையா, நொச்சியா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலோரம் இருப்பது மூன்றடி அகல மணல்தான். அதில் ஆவாரை வைப்பதா, நொச்சி வைப்பதா என்பதுதான் கேள்வி. இரண்டுமே தண்ணீருக்கு ஏங்காத நம்மூர்ச் செடிகள். நொச்சி சுலபம்: மழைக்காலத்தில் ஒரு குச்சியை நட்டால் வேர்விடும். ஊதாப் பூ, ஆவி பிடிக்க இலை, சரி. ஆனால் அடிக்கடி வெட்டாவிட்டால் பத்தடிக்கு மேல் போய் ஜன்னலை மறைத்துவிடும்.

என் மனம் ஆவாரைப் பக்கம்தான், பொறுமை வேண்டும் என்றாலும். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, வளர வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். தண்ணீர் தேங்கவும் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் மண்ணை மேடாக்கிவிடுங்கள். அப்புறம், தளிர் விட்டதும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிடும். புழு இலையைத் தின்றால் தின்னட்டும், மருந்தடிக்காதீர்கள். மறுபடி துளிர்க்கும். போகியன்று காப்புக் கட்ட வாசலிலேயே பூ கிடைக்கும்.