ஆறு கட்டில், நான்கு சலைன் ஸ்டாண்டு

அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவுடன் ஐந்து நாள் இந்த மருத்துவமனையின் பொது வார்டில் இருந்தேன். சிகிச்சை அருமை, நர்ஸ்களுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். பொருள்களைப் பங்கிட்டிருக்கும் விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கட்டில் ஆறு, சலைன் ஸ்டாண்டு நான்கு. முதல் இரவு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நானே நின்றேன். சலைன் புவியீர்ப்பால் இறங்குவது. கை தாழ்ந்தால் சொட்டு குறையும், மிகவும் தாழ்ந்தால் ரத்தமே குழாயில் ஏறிவிடும். சாதாரண சலைன் குழாய் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. 500 மில்லி நான்கு மணி நேரத்தில் ஏற, நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு விழ வேண்டும். இரவுப் பணியில் இருந்த ஒரே நர்ஸ் சொட்டை எண்ணுவாரா, அழைப்பு மணிக்கு ஓடுவாரா? பக்கத்துக் கட்டிலின் பாட்டில் தீர்ந்த பிறகே எங்களுக்கு ஸ்டாண்டு வந்தது.

வரவேற்பறையிலோ ஒன்பது சக்கர நாற்காலிகள், பளபளவென்று, வரிசையாக. வார்டில் ஒன்றுகூட இல்லை. தலையணைக்குப் பஞ்சம், படிவங்களுக்கு இல்லை. அம்மாவின் பெயரையும் வயதையும் ஏழு முறை எழுதினேன்.

மருத்துவர்களை நம்பிப் போகலாம். நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை: அந்த ஒன்பது நாற்காலிகளில் நான்கை இன்றே வார்டுக்கு அனுப்புங்கள், கூடவே இரண்டு ஸ்டாண்டும்.