யமஹா ஸ்டுடியோ ஸ்பீக்கரில் எச்எஸ்5-ஆ, எச்எஸ்8-ஆ?

சேலத்தில் மாடி அறையை ஸ்டுடியோவாக்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி.

அடி ஒலி: எச்எஸ்5 (அடி ஒலி தரும் ஊஃபர் 5 அங்குலம்) 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், எச்எஸ்8 (8 அங்குலம்) 38 வரை. பெரியதே மேல் என்று தோன்றும். ஆனால் 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தானாகவே குமுறும். எச்எஸ்8 அதை நன்றாகக் கிளறிவிடும். அந்தக் குமுறலை நம்பித் தவிலின் தொப்பியை (அடி ஒலி தரும் பக்கத்தை) மிக்ஸில் குறைப்பீர்கள். காரில் போட்டுக் கேட்டால் சத்தே இருக்காது.

எடை: 5.3 கிலோ, 10.2 கிலோ. மேசை ஆடுமா, பாருங்கள்.

அடி ஒலி வெளிவரும் துளை: இரண்டுக்கும் பின்பக்கம். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

விலை: எச்எஸ்8 கூடுதல். எச்எஸ்5 எடுத்தால் மிச்சத்தில் ராக்வூல் (சுவரில் அடிக்கும், ஒலியை உறிஞ்சும் கல் பஞ்சு) வாங்கலாம்.

அம்மாப்பேட்டைத் தறிச் சத்தத்துக்கு இரண்டுமே மருந்தில்லை.

டப்பிங், பாட்டு, சின்ன அறை என்றால் எச்எஸ்5. ராக்வூல் அடித்த பெரிய அறையில் தவில், பம்பை எடுப்பவருக்கு எச்எஸ்8.