பண்டிகைக் கூட்டத்தில் ஷாப்பிங் மால்: சக்கர நாற்காலிக்காரர்களுக்கான மதிப்பீடு

கட்டடத்துக்கு ஐந்தில் நான்கு தரலாம். அதே கட்டடத்துக்குப் பண்டிகை வாரத்தில் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. சாய்தளம், லிஃப்ட், அகலக் கதவு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடைபாதையில் புதிதாக வந்து நிற்பவைதான் சிக்கல்.

கையால் உருட்டும் நாற்காலியின் மொத்த அகலம் 60 முதல் 70 செ.மீ. முழங்கை அசையவும் இடம் வேண்டும் என்பதால் நேராகப் போக 90 செ.மீ. தேவை, முழுசாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் தேவை. 150 செ.மீ. பாதையில் இரண்டடி அகலத் தள்ளுபடி ஸ்டாண்ட் ஒன்றை நிறுத்தினால் மிச்சம் ஏறக்குறைய 90. உள்ளே போய்விடலாம், திரும்ப முடியாது. பின்பக்கமாகவே உருட்டி வெளியேற வேண்டும். பின்னால் நிற்பவர்கள் 'உச்' கொட்டத் தொடங்குவதும் அங்கேதான். ஸ்டாண்டை வைத்தது கடை, திட்டு வாங்குவது நாற்காலி.

லிஃப்டில் நடுத்தளத்தில் ஏற முயல்வது வீண். எஸ்கலேட்டரில் போகக்கூடியவர்களே அதை நிரப்பிவிடுகிறார்கள். கீழே போக வேண்டுமென்றால் மேலே போகும் லிஃப்டில் ஏறி, ஒரு சுற்று சுற்றி இறங்குவதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். லிஃப்ட் வாசலின் இடுக்கை நேர்க்கோட்டில் கடக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒதுங்கிச் சாய்வாகப் போனால் சிறிய முன்சக்கரம் திரும்பி இடுக்கில் சிக்கும்.

வாங்கிய பைகளைப் பின்கைப்பிடியில் மாட்டவே கூடாது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் விழுவதால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒழுங்கான சாய்தளத்தில் ஏறும்போதுகூட முன்சக்கரம் தூக்கிக்கொள்ளலாம். கனமானவை இருக்கைக்கு அடியில் கட்டும் வலைப்பையிலோ மடியில் பட்டை போட்டோ இருக்கட்டும். தெரியாதவர்கள் தங்கள் பையை அந்தக் கைப்பிடியில் மாட்டுவதும் உண்டு. கோட் ஸ்டாண்ட் என்று நினைப்பு!

இனி, கேட்காமல் தள்ளுகிறவர்கள். கூட்டத்தில் இதைவிட ஆபத்தானது எதுவுமில்லை. சக்கரத்தை உருட்டப் பிடிக்கும் தள்ளுவளையத்தில் கை இருக்கும்போது பின்னாலிருந்து யாராவது தள்ளினால் கட்டைவிரல் பிரேக் நெம்புகோலில் மோதும், கால்தாங்கி முன்னால் இருப்பவரின் குதிகாலில் இடிக்கும். பிரேக் போட்டிருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. பூட்டிய நாற்காலியை வேகமாகத் தள்ளினால் அது முன்பக்கம் கவிழலாம். "பரவாயில்லைங்க, நன்றி" என்றால் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டு இன்னும் நாலடி தள்ளுவார்கள். "கையை எடுங்க" என்று உரக்கச் சொல்வதே வேலை செய்கிறது. நாற்காலி புதிதாக வாங்குகிறவர்கள் மடித்துவிடக்கூடிய பின்கைப்பிடி கேட்டு வாங்கலாம். பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் தள்ளும் ஆசையும் குறையும். மின்நாற்காலியில் கவனிக்க வேண்டியது ஜாய்ஸ்டிக். அடுத்தவரின் பைவார் அதில் மாட்டி இழுத்தால் வண்டி தானாகப் பாயும். வரிசையில் நின்றதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

டிரையல் ரூம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அகலமான அறை இருக்கும், அதற்குள் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார்கள். துணியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே காலிசெய்யச் சொல்லிவிடுவது நல்லது.

பில் போடும் இடத்தில் தாழ்வான கவுண்டர் பேக்கிங் மேசையாக மாறியிருக்கும். கார்டு மெஷினைக் கழற்றிக் கையில் தரச் சொல்லலாம். கார்டின் ரகசிய எண்ணைத் துணைக்கு வந்தவரிடம் கேட்டால் மறுத்துவிட வேண்டும். "இவங்களுக்கு என்ன சைஸ்?" என்று விற்பனையாளர் துணைக்கு வந்தவரைக் கேட்பது இன்னொரு எரிச்சல். துணைக்கு வந்தவர் வாய் திறக்காமல் நாற்காலியில் இருப்பவரைப் பார்த்தால் போதும், கேள்வி தானாகத் திரும்பிவிடும்.

பாதையடைப்பைப் பற்றி வாசல் காவலரிடம் முறையிட்டுப் பயனில்லை, ஸ்டாண்டை நகர்த்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தளப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, இன்ச் டேப்பை விரித்து 90 செ.மீ. எங்கே முடிகிறது என்று காட்டினால் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் இரண்டே நிமிடத்தில் நகர்ந்துவிடும்.