ஏத்தர் 450எக்ஸ்: எங்கள் வீட்டு வண்டி

பெருந்துறையில் படிக்கும் தம்பி, எடுத்தால் இந்த ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்தான் என்று ஒரே பிடிவாதமாக இருந்தான். ஓட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. ஸ்கூட்டர் என்றாலே உருண்டையாக, குடும்ப வண்டி மாதிரி இருக்கும் இல்லையா, இது ஒல்லியாக, கூரான கோடுகளோடு பைக் போல நிற்கிறது, பின்பக்கம் அலுமினியச் சட்டத்தை மூடி மறைக்காமல் அப்படியே விட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பேட்டரி கால் வைக்கும் இடத்துக்கு அடியில் இருப்பதால் எடை தாழ்வாக இறங்கி, வளைவில் நம்பிக்கையாகச் சாய்க்க முடிகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தை 3.3 நொடியில் தொடும் என்கிறார்கள், பசங்களுக்கு அந்த இழுப்புதான் முக்கியம். 7 அங்குலத் தொடுதிரையில் மேப் ஓடுவதால் போனை எடுக்கவே வேண்டாம். ரிவர்ஸும் உண்டு, ஈரோடு மார்க்கெட் நெரிசலில் அதன் அருமை தெரியும்.

அப்புச்சிக்கு ஒரே கவலை. "சத்தமே வரலையே சாமி, ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தா?" என்றார். நியாயமான கேள்வி, தோட்டத்துப் பாதையில் ஹாரன் அடித்தே போகிறோம். அப்புறம் அதிவேகத்துக்கான வார்ப் மோடில் முறுக்கினால் சார்ஜ் வேகமாக இறங்கும், தினசரிக்குச் சிக்கனமான ஈகோ மோடே போதும். இது ஓசூரில் தயாராகும் வண்டி என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.